வரியைத் தொட்ட விரல்

எங்கள் காரைக்குடிப் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் பைபிள் வாசகம் வாசிப்பவர் ஓர் அம்மா. கஞ்சி போட்ட புடவை கலையாமல் நின்று, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வாசிப்பார்.

குடியிலிருந்து மீள்வோருக்குத் துணைநிற்கப் பங்கிலேயே எங்களுக்குப் பயிற்சி நடந்தது. குடிப்பவரைப் போல நடித்துக் காட்டச் சொன்னார் ஃபாதர். நான் தள்ளாடினேன், உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள். வாசகம் வாசிக்கும் அந்த அம்மா எழுந்தார்.

“நான் ஒருநாளும் இப்படித் தள்ளாடுனதில்ல. இப்ப விட்டுட்டேன். அதுக்கு முந்தி ஏழு வருசம் குடிச்சுட்டுத்தான் வாசகம் வாசிச்சேன். முன்வரிசையிலதான இருந்தீக, கண்டுபிடிச்சீகளா?”

“உட்காருங்கம்மா” என்றார் ஃபாதர்.

“மாட்டேன் ஃபாதர். குடிக்கிறவுக எப்படி இருப்பாகன்னு மொதல்ல இவுக பாக்கட்டும்.”

“அந்த விரல்...” என்று இழுத்தேன்.

“எழுத்து ஆடுச்சு. பிடிச்சு நிறுத்துனேன்.”

அந்த விரலைக் காட்டித்தான் என் மகளிடம், பக்தி என்றால் இது என்று சொல்லியிருந்தேன்.