உப்பில்லாத கஞ்சி

போன பங்குனியில் என் மகளுக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பதை நிறுத்தினோம். தறிச் சத்தம் அம்மனுக்கு ஆகாதென்று பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள் கேட்காமலே நெசவை நிறுத்தி வைத்தார். உப்பில்லாத கஞ்சியும் இளநீரும்தான் அவளுக்கு ஆகாரம். அதுவும் வயிற்றில் தங்கவில்லை. வாந்தியும் பேதியுமாகப் போயிற்று. உடம்பு குளிரட்டும் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தோம்.

கொப்புளங்கள் வாடத் தொடங்கி, நாங்கள் மூச்சு விட்ட வேளையில்தான் அவள் மாறினாள். பத்தாவது படிக்கிற பெண், என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். பிறகு கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று தெருப் பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள். நான் வண்டி பிடிக்க ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

"கஞ்சியில உப்பு போட்டீங்களாம்மா?"

"அம்மை வார்த்த வீட்ல உப்பு எப்படிமா போடுவாங்க?" என்றாள் என் மனைவி.

அவர் கோபிக்கவில்லை. உடம்பிலிருந்த உப்பு வாந்தியிலும் பேதியிலும் போய்விட்டது, மிஞ்சியதை நாங்கள் கொடுத்த தண்ணீர் நீர்க்கச் செய்துவிட்டது, அதனால் மூளை வீங்கியிருக்கிறது என்றார். ரத்தப் பரிசோதனையும் உப்பு குறைந்திருப்பதையே காட்டியது. நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். அது சொட்டுகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் வேகமாக விடக் கூடாதா என்றேன்.

"அவசரப்பட்டு ஏத்தினா மூளைக்கே ஆபத்துங்க. மெதுவாத்தான் ஏறணும்."

இழுப்பு நின்றது. விழுங்க முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். வெறும் தண்ணீரைக் குறைக்கவும் சொன்னார்கள். மனைவி கிண்ணத்தோடு நின்றாள்.

"தலைக்குத் தண்ணி விடலியே. ஆத்தா கோச்சிக்கினா என்னா பண்றது?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். "குத்தமா இருந்தா என்னைக் கேளு தாயே," என்று முணுமுணுத்துவிட்டு உப்பைப் போட்டுக் கலக்கினாள்.

மகள் பாதிக் கஞ்சி குடித்தாள். மறுநாள் என்னைப் பார்த்து, "ஏம்பா நின்னுக்கினே இருக்க?" என்றாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் நான் கூப்பிட்டு அவள் பதில் சொல்லத் தாமதமானால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.