மேடத்திடம் சொல்லாமல் விட்ட பொடி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இப்போதும் தடுமாறுகிறேன். எது முன்னே நடந்தது, எது பின்னே என்பதும் சில சமயம் கலைந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவும், அதன் இரண்டு முனையிலும் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளும் மட்டும் மறக்கவில்லை. ரோடு தோண்டுகிற இடத்தில் வைப்பார்களே, அந்த மாதிரிக் கூம்பு. விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு கூம்புக்கும் இன்னொரு கூம்புக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்புவார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். டாக்டர் மேடம் கடிகாரத்தோடு நின்று, "நல்லா பண்றீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பார். எல்லோரிடமும் அதே வார்த்தை, அதே குரல். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லக் கூடாதா என்று ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன். "கூடாதும்மா. ஒருத்தருக்கு உற்சாகமா சொல்லி இன்னொருத்தருக்கு சும்மா சொன்னா, நடந்ததெல்லாம் பொய்யாயிடும், அல்வா?" என்றார். மேடம் மல்லேஸ்வரத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஆனாலும் 'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில் சொல்லும் அந்த 'அல்வா' மட்டும் வாயை விட்டுப் போகாது.

வீட்டுக்காரர் பிரேசர் டவுனில் ஒரு கார் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர். மூக்கில் துணி கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அவிழ்த்து எறிவார். கடைசியில் கட்டாமலே முட்டியது. நுரையீரலின் குழாயெல்லாம் எந்நேரமும் ரணமாகி வீங்கிக் கிடக்கிறது என்றார்கள். வாயில் வைத்து இழுக்கும் மருந்தும் போதாமல் போனபோதுதான், புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேருகிறீர்களா என்று கேட்டார்கள். மேடம்தான் அந்தச் சோதனையைக் கவனித்துக்கொண்ட டாக்டர். பிரசவமானதும் குப்பைக்குப் போகிற தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, லேபில் வளர்த்து, டிரிப்பில் ஏற்றுவார்களாம். "புது நுரையீரல் முளைக்கும்னு நினைச்சு கையெழுத்துப் போடாதீங்க. உள்ள இருக்கிற வீக்கத்தை அது அடக்குதான்னு பாக்குறோம். அடக்காமலும் போகலாம்" என்று இரண்டு முறை சொன்னார். பாதிப் பேருக்குச் செல், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். டிரிப் பை, உள்ளே இருப்பது தெரியாதபடி உறை போட்டுத்தான் வரும். யாருக்கு எது என்று மேடத்துக்கே தெரியாது. "எனக்கு உப்புத் தண்ணிதான் வரும் பாருங்க மேடம். ரேஷன்லயே எனக்கு ஒரு நாளும் நல்ல அரிசி வந்ததில்ல" என்றார் இவர். மேடம் சிரித்துவிட்டு, வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும், அது நாட்டு மருந்தே ஆனாலும், தன்னிடம் சொல்லியாக வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

டிரிப் ஏற்றி இரண்டு வாரம் இருக்கும். சந்தாபுராவிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் தெருவில் ஒருவர் இளைப்புக்குப் பொடி கொடுக்கிறாராம். காகிதத்தில் மடித்த பொட்டலங்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இவர் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க. வாயை மூடிட்டு இரு. உனக்குத்தான் அது நல்லா வருமே" என்றார். நான் நாலு பேர் எதிரே பேசமாட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு கேலி.

ஆனால் அங்கே நான்தான் பேச வேண்டியிருந்தது. நடந்து முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கும், வார்த்தை வராது. மேடம் தாளை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவார். "வேற டாக்டர் மாத்திரை ஏதாவது? பொடி, லேகியம், கஷாயம்?" இல்லை மேடம் என்பேன். வாழ்நாளில் நான் வாய் திறந்து பதில் சொன்ன இடம் அந்த ஒன்றுதான், அங்கேயும் பொய்.

மாதம் போகப் போக அவர் நன்றாக நடந்தார். நாற்காலியில் உட்காராமலே ஆறு நிமிடமும் நடந்தார். எங்கள் வீடு முதல் மாடி, நடுப்படியில் நிற்காமல் ஏறினார். பெயர் தெரியாத ஏதோ ஒரு குழந்தையின் கொடி இவரைக் காப்பாற்றுகிறது என்று நான் நம்பினேன், அந்தத் தாய்க்காக விளக்கேற்றினேன். பொடியும் உடன் இருந்தது. அதை நினைக்காமல் தள்ளினேன். ஒருமுறை மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கன்னம் உப்பினாப்ல இருக்கே. ஸ்டீராய்டு மாத்திரை யாராவது குடுத்தாங்களா?" என்றார். இவர் முந்திக்கொண்டு, "எல்லாம் என் வீட்டம்மா சமையல், மேடம்" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். பேனா தாளின் மேல் தொடாமல் நின்றது. இல்லை மேடம் என்றேன். டிக் அடித்தார்.

ஒரு வருஷப் பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு, சந்தாபுராக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். பொடி நின்றது. நாலைந்து நாளில் இவருக்கு வாந்தி, மயக்கம், கூடவே மூச்சுத் திணறல். பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டர் கன்னத்தையும் கையில் கன்றியிருந்த நீலத் திட்டுகளையும் பார்த்துவிட்டு, என்னென்ன சாப்பிட்டார் என்று அதட்டினார். அன்றுதான் பொடியைப் பற்றிச் சொன்னேன். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுவார்கள் என்றார். அதுவும் வீக்கத்தை அடக்குவதுதானாம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காதாம். இவருடைய உடம்பு தாங்கவில்லை.

மேடம் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அவர் எப்படி நடந்தார்! அந்த நடை எத்தனை பேருக்கு உதவப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார். பொடியைப் பற்றிச் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனேன். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அந்த நடை செல்லால் வந்ததா, பொடியால் வந்ததா? அவருக்கு ஏறியது செல்தானா? முதல் நாளே நான் சொல்லியிருந்தால், மேடம் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி அவரைப் பிழைக்க வைத்திருப்பாரா? துணி துவைக்கும்போதும் இதுதான், அரிசி களையும்போதும் இதுதான். ஒருமுறை பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். என்ன விஷயம் என்று கவுண்டரில் கேட்டார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் கீழ்வீட்டுப் பெண் படியில் என்னை நிறுத்தினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு அந்த செல் ஏத்தினதுல நல்லா ஆச்சுல்ல? எங்கண்ணனுக்கும் அதான் சொல்றாங்க. வேற ஒரு எடத்துல, சோதனை கீதனைன்னு இல்லாம நேரா ஊசி போடுறாங்களாம். உங்களை வெச்சுத்தான் எங்கண்ணிகிட்ட தைரியம் சொல்லியிருக்கேன்" என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "அவர் பொடி சாப்பிட்டாரும்மா. எதுல நல்லாச்சுன்னு எனக்குத் தெரியாது. என்னை வெச்சு யாருக்கும் தைரியம் சொல்லாதே. அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில கேக்கச் சொல்லு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "இத்தனை நாளா ஏன்க்கா சொல்லல?" என்றாள். நான் படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஆனால் யாரும் அதட்டாமலே ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன் அல்லவா, அந்தத் தெம்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சோதனையில் வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். பெயிண்ட் வேலை செய்தவர், கூட வந்தது மனைவி என்று இருந்தால் அது இவர்தான். இரண்டு வாரம், ஒரு வருஷம் என்று நான் சொன்ன கணக்கு தப்பாக இருக்கலாம், எது முன்னே எது பின்னே என்பதும் மாறியிருக்கலாம். அதையெல்லாம் சரிபார்த்துத் திருத்துங்கள். வேறு மருந்து இல்லை என்று டிக் அடித்திருக்கும் இடத்தில் மட்டும் சரிபார்க்க ஒன்றுமில்லை, அதை அடித்துவிட்டு, பொடி சாப்பிட்டார் என்று எழுதிவிடுங்கள்.