மீசைக்கு முந்திய முகம்

1961 மே 14, ஞாயிறு, மாலை நாலு மணி பத்து நிமிடம். சிறுமலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. மழை இல்லை, புழுக்கம்தான். சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் வீட்டில், நான் வரைந்து கொண்டுபோன படத்தின் மேலிருந்த துணியை விலக்கினேன்.

அந்த வீட்டுக்காரர் இறந்து வருடம் முடியப்போகிறது. வெள்ளிக்கிழமை தலைத்திவசம். மாலை போடப் படம் இல்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை கேமரா முன் நிற்காதவர், ஐம்பத்திரண்டிலேயே போய்விட்டார். "மக அப்படியே அவுக அப்பாதான். அவளப் பாத்து அவுகள எழுதிக் குடுங்க தம்பி" என்று அவர் மனைவி திண்டுக்கல்லில் என் கடைக்கே வந்து கேட்டார். நானும் மகளை உட்காரவைத்து வரைந்து, கிராப்பு வெட்டி, தடித்த மீசை வைத்து, அப்பாவாக்கிவிட்டதாக நினைத்தேன்.

மகள்தான் முதலில் சிரித்தாள். "அய்ய, நான் ராஜபார்ட் வேசம் கட்டுனா இப்படித்தாண்ணே இருப்பேன்!"

"சும்மா இருடி" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "இதுல அவுக வரல தம்பி. வெள்ளிக்கிழம வெறுஞ்சுவத்துக்குத்தான் மாலை போடணும் போல."

பஸ்ஸில் வரும்போது படத்திலிருந்த மீசையைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். தாளில் மகள்தான் உட்கார்ந்திருந்தாள். கோபம் அவள்மீதா என்மீதா தெரியவில்லை.

மறுநாள் புதுத் தாள். மீசையே வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். மீசை இல்லாமலே ஆணாக வரட்டும். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, காது, இடப்பக்கம் சற்றே சாய்ந்த மூக்கு, இவை மகளுடையதாகவே இருந்தன. சாயல் அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் மாறியது. வில்லாக உயர்ந்திருந்த புருவத்தைத் தாழ்த்திக் கண்ணுக்கு மேலேயே படுக்கவைத்தேன். புருவ எலும்பு புடைத்ததும் அதன் நிழலில் கண் தானாகச் சிறுத்தது. நெற்றியைப் பின்னால் சரித்தேன். தாடையின் மூலையைச் சதுரமாக்கி, மோவாயை அகலப்படுத்தி, உதட்டை மெலியவைத்து, கழுத்தைத் தடிப்பாக்கிக் குரல்வளையை எடுத்துக் காட்டினேன். கரித்தூள் என் மூக்குக்குள் போய் பதினேழு முறை தும்மல்.

புதன்கிழமை டீ கொண்டுவந்த கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தார். "யாருண்ணே இந்த ஆளு? கடன் கேக்க வந்தவன் மாதிரி முறைக்கிறான்!"

ஆளு! எனக்கு அது போதும். அதற்குப் பிறகுதான் மீசை வைத்தேன், அதுவும் மெலிதாக.

வியாழன் காலை மறுபடி சின்னாளபட்டி. அந்த அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். துணியை விலக்கினேன். ராட்டை நின்றது. விருட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தால் அந்த அம்மா அப்படித்தான் நிற்பாராம். மகள் அப்புறம் சொன்னாள். அப்போது அவளும் சிரிக்கவில்லை.

"அம்மா, படந்தாம்மா. உக்காரு."

உட்காரவில்லை. நான் எண்ணினேன்; நாற்பது எண்ணும்வரை உட்காரவே இல்லை. இத்தனை வருடத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் எனக்குத் தந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ராஜா மாதிரி தனி ஜட்கா பிடித்து, திண்டுக்கல் வரை குலுங்கிக்கொண்டே வந்தேன். இரண்டு தாள், கரித்தூள், பஸ், ஜட்கா எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஏழு ரூபாய் முப்பத்தைந்து காசு.