காப்பீட்டு டாக்டர் முன்னால் என் கண்ணிமை

எனக்கு இருப்பது தசைகளைச் சோர வைக்கும் ஓர் அபூர்வ நோய். காலையில் பயில்வான் போல இருப்பேன். பேசப் பேச இமை சரியும், குரல் மூக்கில் ஏறும். மாதாமாதம் ஊசி போடாவிட்டால் சோறு விழுங்குவதே பெரும்பாடு. அந்த ஊசிக்கு மறுப்புச் சொன்ன காப்பீட்டு நிறுவனம், கடைசி வாய்ப்பாக அவர்களுடைய டாக்டரிடம் வீடியோவில் பேசச் சொன்னது.

முத்தியால்பேட்டைக்காரன் மானத்தை விடுவேனா? காலையிலேயே சவரம் செய்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன்.

“பொண்ணு பாக்கவா போறீங்க? உங்கள நோயாளின்னு யாருங்க நம்புவாங்க?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படியே நடந்தது. “நல்லாத்தானே சார் இருக்கீங்க?” என்றார் டாக்டரம்மா.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. என் நோயை நானே கேலி செய்து கதை கதையாக அளந்தேன். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனைவி தொடையில் கிள்ளியும் நான் நிறுத்தவில்லை. திடீரென்று இடது இமை கடை ஷட்டர் போல இறங்கியது, நாக்கு குழறியது. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

“கொஞ்சம் மேல பாருங்க சார்... போதும். இனிமே பேசாதீங்க. ஊசிக்கு நான் எழுதிடறேன்.”

மனைவி அழுதேவிட்டாள். எனக்கோ எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

யாருக்கும் தெரியக்கூடாதென்று சிரித்தே மறைத்து வந்த பலவீனத்தை ஒருவர் பார்த்துவிட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.