வெற்றுக் கார்டில் ஐந்து கையெழுத்து

ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட் முதலாளியின் வீட்டில், சாப்பாட்டு மேசையில், மீன் குழம்புத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றுமே எழுதாத ஐந்து கார்டுகளில் நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. பேனா கூட என்னுடையதுதான்.

நான் காலணித் தொழில்நுட்பம் படித்தவள். குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஷூவின் மேல்பகுதிக்கு பேட்டர்ன் வரைந்து, எல்லா அளவுகளுக்கும் மாற்றிச் சிறிய யூனிட்டுகளுக்கு அனுப்புகிறேன். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. கீழே அப்பாவின் விசைத்தறி ஓடும் சத்தத்தில் போன் பேசப் பழகியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லா வேலையும் மெயிலிலேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் முடியாது. பேட்டர்ன்படி வெட்டிய முதல் தோலை நேரில் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக இருந்தால் அதில் கட்டித் தொங்கவிடும் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கார்டைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தவர்களின் ஆபீஸ் மொத்த வெட்டுக்கு அனுமதி தரும்.

அந்த முதலாளியை முதல் மூன்று மாதம் சார் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மனைவிதான் மாற்றினார். "சார் சார்னா அவருக்கு தலைக்கு ஏறிடும்மா. அப்புறம் வீட்ல என்னால சமாளிக்க முடியாது. அண்ணான்னே கூப்புடு." அவர் அண்ணாவானதும் இவர் அண்ணியானார்.

பட்டியல் போடுவது என் பழக்கம். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நான் செய்தவை: மகளின் அறிவியல் புராஜெக்ட், இரண்டு பாஸ்போர்ட் விண்ணப்பம், ஓடாத பிரிண்டர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் 'ஒரே ஒரு டவுட்டு மா'. அவர்கள் எனக்குச் செய்தவை: டெங்கு வந்தபோது தங்கள் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, நான்கு நாளும் கஞ்சி கொண்டுவந்தது. இதில் எது பெரியது என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

கார்டு விஷயம் வெயில் காலத்தில் வந்தது. குடியாத்தத்தில் பஸ் ஏறி, பேரணாம்பட்டு வழியாக ஆம்பூர் வந்து, கால் மணி நேரம் அளந்து, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவேன். அண்ணா சொன்னார்: "இந்த வெயில்ல ஒரு கையெழுத்துக்காவ இன்னாத்துக்குமா அலையற? அஞ்சாறு போட்டு வெச்சிட்டுப் போ. பீஸ் வெட்னா போட்டோ அனுப்பறேன், நீ ஓகேன்னு சொன்னா கட்டிக்கறேன்."

"கருத்துப் போய்ட்டா பாரு," என்றார் அண்ணி. "பொண்ணு பார்க்க வர்றவங்க எங்க மேல கேஸ் போடுவாங்க."

சிரித்தேன். ஐந்து போட்டேன். அன்னியர் என்றால் போட்டிருக்க மாட்டேன். மறுத்திருந்தால் அவர்களை நம்பவில்லை என்று ஆகியிருக்கும். அந்த வீட்டில் உட்கார்ந்து, அண்ணி கையால் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆர்டர் கொடுத்தவர்களின் ராணிப்பேட்டை ஆபீஸிலிருந்து போன் வந்தது. அங்கே தரம் பார்க்கும் மேடம் அதிகம் பேச மாட்டார். "உங்க லேடீஸ் ஷூ, முன்பக்கம் மெஷின்ல இழுக்கும்போது கிழியுது. அடியில மடிக்கற ஓரம் பத்தல. கார்டுல உங்க கையெழுத்து இருக்கு. நாளைக்கு பதினோரு மணிக்கு நீங்களும் யூனிட் ஓனரும் வாங்க."

என் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஓரம் பதினாறு மில்லிமீட்டர். சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். அந்த மாடலுக்கு எனக்குப் போட்டோவே வரவில்லை.

அன்று மதியமே ஆம்பூருக்குப் போனேன். அண்ணா மறைக்கவில்லை.

"தோல் எல்லாம் சின்னச் சின்னதா வந்துருச்சுமா. ஜோடி கம்மியா வந்துச்சு. தோல் வெட்டற டை அச்சு பண்றவன்கிட்ட ஓரத்துல மூணு மில்லி குறைக்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

"கேட்டா நீ வேணாம்ப."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப ஒண்ணும் பேஜார் இல்ல. கம்ப்யூட்டர்ல அளவு தப்பாயிடுச்சுன்னு நீ ஒரு மெயில் போட்டுடு. பேட்டர்ன் தப்புன்னா ரெண்டு திட்டு திட்டி விட்ருவாங்க. யூனிட்டே வெட்டிருச்சுன்னா அடுத்த ஆர்டர் வராதுமா. உள்ள நாப்பது பொம்பளைங்க தெச்சினு இருக்காங்க, பாரு. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உன்கிட்ட கேக்காம யார்கிட்ட கேக்கறது?"

நாற்பது பேர் என்பது பொய்யில்லை. கண்ணாடிக்கு அப்பால் வரிசையாகக் குனிந்த தலைகள் தெரிந்தன. எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. என்னிடம் கட்டிடம் இல்லை, மெஷின் இல்லை. ராணிப்பேட்டையில் என் கையெழுத்தை நம்புகிறார்கள் என்பதால்தான் மற்ற நான்கு யூனிட்டுகளும் என்னைக் கூப்பிடுகின்றன. அளவு தவறிவிட்டது என்று நானே எழுதிக் கொடுத்தால் அந்த நான்கும் போய்விடும். இதைச் சொல்ல வாயெடுத்தபோது அண்ணி டீ கொண்டுவந்தார். டீயைக் குடித்துவிட்டு, யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் போனில் எழுதத் தொடங்கினேன். என் தப்பு: வெற்றுக் கார்டில் கையெழுத்து. என் தப்பு இல்லாதது: மூன்று மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. பேரணாம்பட்டில் ஏறிய ஒரு அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அவரை எழுப்பக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் மேடத்தின் அறையில் அண்ணாவே முதலில் பேசினார். "நம்ம பொண்ணுதான் மேடம். சின்ன வயசு. கம்ப்யூட்டர்ல ஒரு மில்லி ரெண்டு மில்லி..." என்று சொல்லிக்கொண்டே சிரித்து என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் ஃபைல்ல பதினாறு இருக்கு மேடம்," என்று லேப்டாப்பைத் திருப்பினேன். "வெட்டின பீஸை நான் பார்க்கல. வெறும் கார்டுல முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அது என் தப்பு."

அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் பேனாவை மூடினார்.

"எத்தனை கார்டு போட்டீங்க?"

"அஞ்சு."

"மீதி எத்தனை இருக்கு?" இது அண்ணாவிடம்.

"மூணு இருக்கு மேடம்," என்றார் யோசிக்காமல்.

ஐந்தில் மூன்று போனால் இரண்டு; எனக்குத் தெரிந்தது ஒரு மாடல்தான். போட்டோ வராமல் இன்னொன்றும் போயிருக்கிறது, அதுவும் என் பெயரில். எதிலே என்று மேடம் கேட்க, ஆண்கள் செருப்பு ஒன்று என்றார் அண்ணா. மேடம் உடனே கோடவுனுக்குப் போன் போட்டு அந்தப் பெட்டிகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

தீர்ப்பு மாதிரி எதுவும் நடக்கவில்லை. கிழிந்த பாகத்தை யூனிட்டே புதிதாக வெட்டித் தர வேண்டும். ஆர்டர் போகவில்லை, ஆனால் இனி அங்கே வெட்டு தொடங்கும் நாளெல்லாம் ஆபீஸ் ஆள் ஒருவர் நிற்பார். என்னைப் பார்த்து மேடம் சொன்னார்: "உண்மையைச் சொன்னது சரி. ஆனா இந்த சீசன் முழுக்க உங்க கையெழுத்து தனியா செல்லாது. எந்த யூனிட்டா இருந்தாலும் பீஸை இங்க எடுத்துட்டு வாங்க, நானும் பக்கத்துல போடணும்."

படியிறங்கும்போது அண்ணா சொன்னார்: "மெயில் போட்டிருந்தா ரெண்டாவது கார்டு வெளிய வந்தே இருக்காதுமா." கோபமில்லாமல்தான் சொன்னார். காரில் வா, விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

மூன்று நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார். "அவர் மேல கோவம்னா சரி. என் மேல இன்னா?"

"யார் மேலயும் கோவம் இல்ல அண்ணி. அசதியா இருக்கு."

"அசதின்னா வந்து சாப்ட்டுட்டுப் படு," என்றார். வருகிறேன் என்று சொன்னேன். இன்னும் போகவில்லை.

அண்ணா இப்போதும் வேலை அனுப்புகிறார். மாடல் எண், தேவைப்படும் தேதி, அவ்வளவுதான். நான் ஃபைலை அனுப்பிவிட்டு, வெட்டு முடிந்ததும் பஸ்ஸில் போய் அளக்கிறேன், வீட்டுக்குள் போகாமல் யூனிட் வாசலிலேயே பீஸை வாங்கிக்கொள்கிறேன். பிறகு இன்னொரு பஸ் பிடித்து ராணிப்பேட்டை. மேடம் மீட்டிங்கில் இருந்தால் வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு யூனிட்காரர் என் மடியிலிருந்த பீஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேட்டர்ன் போடுவியாமா? எங்களுக்கும் ஒரு ஆள் வேணும். எந்த ஊரு நீ, அப்பா இன்னா பண்றாரு?"

பீஸில் கட்டியிருந்த கார்டில் என் பெயருக்குக் கீழே இருந்த மெயில் முகவரியைக் காட்டினேன். மெயில் அனுப்புங்கள் சார் என்றேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.