பின்னால் பிடிக்க ஒரு ஆள்

அது பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். எங்கள் வீட்டில் அந்த வகுப்புவரை போனவன் நான் ஒருவன்தான். ஆகவே வீட்டுக்கு வந்த முதல் சைக்கிளும் அதுதான். தூத்துக்குடியில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், சாத்தான்குளத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மிதித்தே கொண்டுவந்தேன்.

நான்காவது மாதம், துறைமுகச் சாலையில் எனக்கு முன்னால் போன டிரெய்லர் லாரி சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சைக்கிளுக்கு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் மடங்கி, ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேமின் இரண்டு குழாய்களும் வளைந்துவிட்டன. லாரிக்காரர் இறங்கிவந்து என்னைத் தூக்கிவிட்டு, "யாருக்காவது போன் போடணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சைக்கிள் கடையில் போர்க் மட்டும்தான் மாற்ற முடியும், பிரேமை எடைக்குப் போடு என்றார்கள். மனசு வரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு, படகுச் சாமான்களுக்கு வெல்டிங் வைக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணாச்சி வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"லாரி நின்னுச்சு, நீ நிக்கலியோ? சரி, நிமித்திரலாம். வைஸ்ல வச்சு இறுக்குனா பைப் நசுங்கிரும். நான் தீ காட்டணும், ஒருத்தன் முன்னால இழுக்கணும், ஒருத்தன் பின்னால அமுக்கிப் பிடிக்கணும். எங்கூட வேல பாக்குதவன் கல்யாணத்துக்குப் போயிட்டான். நாளைக்குச் சாயந்திரம் நீ இன்னொருத்தனக் கூட்டிட்டு வா."

"யார அண்ணாச்சி?"

"யாரையாவது. மந்திரியவா கூட்டியாரச் சொல்லுதேன்? ரெண்டு கை இருந்தாப் போதும்லே."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, யாரை என்று யோசித்தபடியே நான் தங்கியிருந்த அறைக்கு நடந்தேன். போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். கேட் பாஸ் அண்ணன். எடைமேடை சார். ஸ்கேனிங். சரக்குப் பார்ட்டி இரண்டு பேர். நான்கு மாதத்தில் இந்த ஊரில் நான் சேர்த்த ஆட்கள் அவ்வளவுதான். சொந்த ஊரில் ரேஷன் கார்டு, பட்டா என்று எதற்கும் தெருவே என்னைத் தேடிவரும், மனு எழுதிக் கொடுப்பேன். ஒருவரிடம் போய் "எனக்காக வாங்க" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேஜைக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணே, சாயந்திரம் ஒரு சின்ன வேல..."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெயில் போட்டுரு தம்பி, பாத்துக்கிடுதேன்."

அறையில் என்னோடு இன்னொருவர் இருந்தார். கண்டெய்னர் யார்டில் ராத்திரி டூட்டி. நான் கிளம்பும்போது அவர் வந்திருக்கமாட்டார், நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். டூட்டிக்குப் போகும்போது "வாரேன்" என்பார், நான் "சரிண்ணே" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அன்று அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே அறைக்குப் போனேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவர் கால்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். எழுப்பவில்லை.

பட்டறைக்குத் தனியாகப் போனதும் அண்ணாச்சி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க ஆளு?"

"எல்லாருக்கும் வேல இருக்கு அண்ணாச்சி."

"ஊருல ஒருத்தங்கூடவா சும்மா இல்ல?"

நான் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தேன். அவர் படகு கட்டும் நைலான் கயிற்றை எடுத்து, சைக்கிளின் பின்பக்கத்தை வாசல் இரும்புத் தூணோடு இறுக்கிக் கட்டினார். குழாய் சிவக்கச் சிவக்க, முன்னால் செருகிய கம்பியை நான் பிடித்து இழுத்தேன். பிரேம் நிமிர்ந்தது. விரிசல் விட்ட இடத்தில் பித்தளை வைத்து ஒட்டினார். ஆறியதும் பிரேம் நேராக இருக்கிறதா என்று சரடு பிடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் அரை விரல் இடைவெளி அதிகமாக இருந்தது.

"ஆள் பிடிச்சிருந்தா நேரா வந்திருக்கும். கயிறுன்னா இழுபடத்தான் செய்யும். ஓட்டலாம், கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்," என்றார்.

புதுப் போர்க் மாட்டி ஓட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன். இழுக்கத்தான் செய்தது. ஏழு மணிக்கு அம்மா போன் செய்தாள். விழுந்ததை அவளிடம் சொல்லவில்லை. பிரேம் வளைந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"சைக்கிள் சரியாச்சா எய்யா? ஒத்தையிலயா தூக்கிட்டு அலைஞ்ச?"

"இல்லம்மா. ரூம்ல இருக்க அண்ணன் வந்தாரு. அவருதான் பின்னால பிடிச்சுக்கிட்டாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாவின் குரல் மலர்ந்துவிட்டது. "அந்தப் பிள்ள நல்லாருக்கணும். அவன்ட்ட போனக் குடு, ஒரு வார்த்த சொல்லிக்கிடுதேன்."

"தூங்குதாரும்மா."

"விளக்கு வச்ச நேரத்துல என்ன தூக்கம்? எழுப்பு."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முதல்முறையாக அவர் தோளைத் தொட்டேன். "அண்ணே, எங்கம்மா. என் சைக்கிள் ரிப்பேருக்கு நீங்க கூட வந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் சிவந்த கண்களோடு என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"சொல்லுங்கம்மா... ஆமா, பிடிச்சேன்... இதுக்கெல்லாம் என்னம்மா... சரி, வாரேன்."

போனைத் திருப்பித் தந்தார். "உன் பேரென்ன தம்பி? அம்மா 'எய்யா எய்யா'ன்னே சொல்லுதாவ."

சொன்னேன். அவர் பெயரை நான் கேட்பதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.