மச்சினன் ஜீப்பில் ஏறிய என் பிளைமவுத்

என் மச்சினனின் புது ஜீப்பைப் பரவை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிட்டார்கள். அதன் அடிச்சட்டமான சேஸ் மேல் என் பழைய பிளைமவுத் காரின் பாடியை மாட்டியிருந்ததை இன்றுதான் நானும் அவனும் பார்த்தோம்.

"ஜீப் ஒன்று வரும், அதில் மாட்டு" என்று மெக்கானிக்கிடம் சொன்னது நான்தான். ஆனால் நான் சொன்னது, ஏலத்தில் எடுத்த நசுங்கிய ஜீப்பை. அது இன்னும் திருச்சியில் கிடக்கிறது. மச்சினன் சிங்கப்பூர் போயிருந்தபோது அவன் ஜீப்பின் கதவில் என் டிரைவர் கீறல் போட்டுவிட்டான். பெயின்ட் அடிக்கத்தான் அதை இங்கே விட்டேன்.

மெக்கானிக் செல்வம் சிரித்தபடி சாவியிலிருந்த பட்டனை அமுக்கினார். பிளைமவுத் 'கீ கீ' என்று கத்தியது. சாவியில் மச்சினனின் குலசாமி படம் தொங்கியது. நான் செல்வத்தின் பக்கம் திரும்பினேன்.

"யாரைக் கேட்டுய்யா இதைப் பிரிச்ச?"

"என்னண்ணே, நீங்கதான ரெண்டு வண்டிக்கும் சந்தனம் வச்சு, சூடம் காட்டி வேலையை ஆரம்பிக்கச் சொன்னீக?"

காட்டினேன்தான். பக்கத்தில் நின்ற ஜீப்பைச் சும்மா விட மனசு வரவில்லை.

மச்சினன் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டான்.

"இது எனக்கு இருக்கட்டும் மாமா."

"மாப்ள, இந்த பிளைமவுத்துக்கு எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா?"

"அலைஞ்சது நீங்க. பிரிஞ்சு கிடக்குறது என் வண்டி."

வெங்காய மண்டியில் பேரம் பேசிப் பிழைக்கிறவன் நான். இதைவிட நன்றாக முடித்திருக்கலாம் என்பவர்கள் சொல்லுங்கள். பிளைமவுத் அவனுக்கு. திருச்சி ஜீப் வந்ததும் அதில் மாட்டிக்கொள்ள, அவன் ஜீப்பின் பாடி எனக்கு. கதவுக் கீறலுக்குப் பெயின்ட் என் செலவு.